கிளட்ச் இருந்த இடம்

விபத்தில் செடிக்காரியின் இடது கால் முழங்காலோடு போன பிறகு, "அந்தப் பழைய பிக்கப்பை வித்துத் தொலை, பாப்பா" என்று மெக்கானிக்கான அவள் அண்ணன் நச்சரித்தான். அவள் மசியவில்லை. அவனும் வேறு வழியில்லாமல் ஏழு வாரம் மல்லுக்கட்டி, பழைய கியர்பாக்ஸை இறக்கிவிட்டு ஆட்டோமேட்டிக் பெட்டியை ஏற்றினான். கிளட்ச் பெடலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் புது ரப்பர் விரிப்பைப் போட்டான்.

அன்றே நாற்பது செடித்தொட்டிகளை ஏற்றி, அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சந்தைக்குப் போகும் ஏற்றத்தில் வண்டியை விட்டாள். பாதி வழியில் வண்டி முனகியது.

"கிளட்சை மிதி! கியரை மாத்து!" என்று அண்ணன் பழக்கதோஷத்தில் கத்தினான்.

"எதை மிதிக்க? நீதானே கழட்டிப் போட்ட!"

சொல்லி வாய் மூடவில்லை, கியர் தானாக மாறியது. வண்டி கெத்தாக உச்சியில் போய் நின்றது. சந்தைக்காரர்கள் கை தட்டினார்கள். அவள் ஹாரனை அடித்துத் தீர்த்தாள்.

அவளுடைய ஊன்றுகோலை எடுக்கக் குனிந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். கிளட்ச் இருந்த இடத்தில், புது விரிப்பின் மேல், ஈரமண்ணோடு ஒரு வெறுங்கால் தடம். இடது கால். சுண்டுவிரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது, சின்ன வயதிலிருந்து அவளுக்கு இருந்த மாதிரியே.

அவன் துணியைத் தேடினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துடைக்காதண்ணா. அதுவும்தானே ஓட்டிக்கிட்டு வந்துச்சு."