எழுதின கை

"எழுதினவன் மட்டும் என்கிட்ட சிக்கட்டும், அந்தக் கையை முறிக்காம விடமாட்டேன்!"

ரயில்வே கிரேன் ஷெட்டே அதிரும்படி கத்தினார் ஃபோர்மேன். மேலதிகாரிக்கு வந்து, அங்கிருந்து இவருக்கு வந்திருந்தது ஒரு மொட்டைக் கடுதாசி. எழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது.

'தடம் புரண்ட பெட்டிகளைத் தூக்கும் கிரேனுக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் பெண்மணிக்கு ஒரு சாக்கு மூட்டையைக்கூடத் தூக்கத் தெரியாது. சந்தேகம் இருந்தால் எல்லார் முன்னாலும் தூக்கச் சொல்லிப் பாருங்கள். இப்படிக்கு, உண்மை விளம்பி.'

ஓரத்தில் அதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'அடுத்த வேலையில் இவரே தூக்கட்டும். தவறினால் லைசென்ஸ் ரத்து.'

சம்பந்தப்பட்ட பெண்மணி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக ஸ்டோர் ரூமில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. அங்கே உட்கார வைத்தவர் ஃபோர்மேன்தான். இரக்க குணம் உள்ளவர்; அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

"வெயில்ல வாடக் கூடாதுன்னு உன்னைப் பொத்திப் பொத்தி வச்சேனேம்மா. எந்தப் பாவியோ வேட்டு வச்சுட்டானே! பேசாம லீவ் போட்டுடு. மேல நான் சமாளிச்சுக்கறேன்."

"பரவாயில்ல சார். தூக்கிப் பாக்கறேன்."

"விளையாட்டா? லைசென்ஸ் போயிடும்மா!"

"ஸ்டோர்ல உக்கார லைசென்ஸ் எதுக்கு சார்?"

பாவம், பயத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். டிராயரைத் திறந்து, உள்ளே கிடந்த பழைய காகிதங்களின் மேல் கடுதாசியைப் போட்டு மூடினார்.

பிறகு துப்பறியத் தொடங்கினார். முதல் சந்தேகம், இருபது வருஷமாகக் கிரேன் ஓட்டும் மீசைக்காரர் மேல். ஏதோ சாக்குச் சொல்லி அவரை நாலு வரி எழுத வைத்தார். கோழி கிண்டியது மாதிரி இருந்தது. ஷெட்டில் ஆம்பளை ஒருத்தரை விடவில்லை. எந்த எழுத்தும் முத்தாக இல்லை.

மூன்றாம் நாள் காலை சைரன் ஊதியது. யார்டில் சிமென்ட் ஏற்றிய வேகன் ஒன்று தடம் விட்டு இறங்கி, பாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

கிரேன் போய் நாலு கால்களையும் விரித்துக் கட்டைகள் மேல் ஊன்றிக்கொண்டது. கட்டை அடுக்கியது மீசைக்காரர். அவருடைய சீட்டில் இன்றைக்கு அவள். சுற்றிலும் கூட்டம். அதிகாரியும் வந்துவிட்டார்.

வேகனின் ஒரு முனை நாலு விரற்கடை எழும்பி, அப்படியே நின்றது. தூக்கியதும் ஐந்து நிமிஷம் நிறுத்திப் பார்ப்பது இந்த வேலையின் சட்டம்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வேகனை மறுபடி கீழே வைத்துவிட்டு அவள் கேபினிலிருந்து இறங்கினாள்.

கூட்டம் 'ஓ'வென்று சிரித்தது.

"சாயம் வெளுத்துப் போச்சுடா!"

"கடுதாசி போட்டவன் தீர்க்கதரிசிய்யா!"

ஃபோர்மேன் அவளிடம் ஓடினார்.

"போதும்மா. மீசை ஏறட்டும். உனக்கு உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல சார், கிரேனுக்குத்தான் சரியில்ல. கேபின்ல மட்டம் காட்டற குமிழ் ஒரு நூல் நகர்ந்துது. வலது பின்னங்காலைப் பாருங்க."

மீசைக்காரர் குனிந்து கட்டைக்கடியில் ஒரு கம்பியைக் குத்தினார். அரை முழம் சுலபமாக உள்ளே போனது. வெளியே எடுத்தால் நுனியெல்லாம் சேறு. பூமிக்கடியில் தண்ணீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தது.

"மேல காஞ்சு கிடந்துது, நம்பிட்டேன்." மீசைக்காரரின் முகம் வெளிறியது. "இன்னும் ஒரு அடி தூக்கியிருந்தா கிரேனே குப்புற விழுந்திருக்கும் சார்."

சிரித்தவர்களே மண்வெட்டி எடுக்க ஓடினார்கள்.

அவள் சொல்லச் சொல்ல, சேற்றை வாரி, ஜல்லி கொட்டி, இரும்புத் தகடு போட்டுக் கட்டைகளை மாற்றி அடுக்கினார்கள். முதல் ஆளாகச் சேற்றில் இறங்கியவர் மீசைக்காரர்.

மறுபடி ஏறினாள். வேகன் எழும்பியது. ஐந்து நிமிஷம். குமிழ் அசையவில்லை. கீழே நின்று மீசைக்காரர் கைஜாடை காட்ட, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி முன் சக்கரங்களைத் தண்டவாளத்தில் இறக்கினாள். அடுத்து பின் சக்கரங்கள். 'டணங்'!

விசில் பறந்தது. அதிகாரியே கை தட்டினார்.

"நாளையிலேருந்து இவங்க கிரேன்லதான். ஸ்டோருக்கு வேற ஆளைப் பாருங்க."

ஃபோர்மேனுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

"நம்ம பொண்ணும்மா நீ! அந்தக் கடுதாசிக்காரன் இப்ப மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுப்பான்? ஆனா அவனை விடறதா இல்ல. எழுதின கையை முறிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவள் கிரீஸ் படிந்த கையுறையைக் கழற்றினாள்.

"கிரேன்ல போடுங்கன்னு கையெழுத்துப் போட்டு நாலு மனு கொடுத்தேன். நாலும் உங்க டிராயர்ல தூங்குது. கையெழுத்தே இல்லாம ஒண்ணு போட்டேன், ஒரே வாரத்துல கூப்பிட்டு உக்கார வச்சுட்டாங்க. அந்த நாலுல ஒண்ணைப் பிரிச்சுப் பாத்திருந்தாலும், கடுதாசி யார் எழுத்துன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் சார்."

வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க, முறிச்சுடுங்க. நாளைக்கு சைரன் ஊதினா யாரு தூக்கறதுன்னு மட்டும் யோசிச்சு வச்சுக்குங்க."