சம்பந்தி கொடுத்த கறுப்புப் பசை

முதல் கவளம் உள்ளே போனதுமே மெய்யநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சிரித்த முகத்தோடு விழுங்கி வைத்தார். எதிர் இலையில் உட்கார்ந்திருப்பவர் மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி. இவர் முகம் சுளித்தால் உறவே சுளித்துக்கொள்ளும்.

"எப்புடி சம்மந்தி இருக்கு? எல்லாத்துலயும் நீங்க குடுத்த பசைதான்!"

"பிரமாதம்!" என்று சொல்லிவிட்டு, சம்பந்தி காசிவிஸ்வநாதன் மூன்றாவது டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

விஷயம் இதுதான். லண்டனில் இருக்கும் மகனையும் மருமகளையும் பார்த்துவிட்டு வந்த காசிவிஸ்வநாதன், போன மாதம் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். ஈஸ்ட்டில் செய்து, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்னும் கறுப்புப் பசை. மெய்யநாதன் இட்லிக்குத் தொட்டுப் பார்த்தார். வண்டி மையில் உப்பைப் போட்டுக் கிண்டிய மாதிரி இருந்தது.

சம்பந்தி கொடுத்ததைக் குறை சொல்ல முடியுமா? பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு, "அமிர்தம்!" என்று போனில் அளந்தார். அடுத்த வாரமே இன்னொரு பாட்டில் வந்து இறங்கியது.

இவ்வளவு ஆசையாகக் கொடுக்கிறவருக்கு அது எவ்வளவு பிடித்திருக்க வேண்டும்! எனவே இன்று காலையிலேயே மனைவிக்கு உத்தரவு போட்டுவிட்டார். "கொழம்பு, மண்டி, ரசம் எல்லாத்துலயும் ரெண்டு கரண்டி போட்ரு. சம்மந்திக்கு அதுன்னா உசுரு." மெய்யம்மை ஆச்சி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பாட்டில் இப்போது, கலையாத தங்கத்தாள் மின்னும் மூடியோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேசை நடுவில் உட்கார்ந்திருந்தது.

காரைக்குடியில் யார் வீட்டு விசேஷமானாலும் உப்பு உறைப்புப் பார்க்க மெய்யநாதனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நாக்கை ஏமாற்ற முடியுமா? கோழிக் குழம்பில் பசை தூக்கல், அரிசி கழுவிய தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டியில் அடிக்கசப்பு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தின்றார்.

ரசம் எடுத்து வர ஆச்சி உள்ளே போனார். காசிவிஸ்வநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"சம்மந்தி, தப்பா நெனைக்காதீக. இந்தக் கருமத்த எப்புடித்தான் திங்கிறீகளோ!"

மெய்யநாதனுக்குக் கை அந்தரத்தில் நின்றது. "உங்களுக்குப் புடிக்கும்னுல்ல போடச் சொன்னேன்!"

"எனக்கா? மகன் கட்டிக் குடுத்துட்டான். எங்க வீட்டுப் பூனகூட மோந்து பாக்கல. நீங்க அமிர்தம்னீக, அதான் இருந்ததையும் இங்குட்டுத் தள்ளிவிட்டேன்!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனதில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது.

"கொழம்பா சம்மந்தி இது? சுத்த வண்டி மை!"

"மண்டிய வாயில வைக்க முடியல! மாடுகூடத் திங்காது!"

சிரித்துக்கொண்டே திரும்பிய மெய்யநாதன் சட்டென்று அடங்கினார். கையில் ரசச் சட்டியோடு ஆச்சி நின்றிருந்தார்.

"ஒன் சமையல ஒண்ணும் சொல்லல மெய்யம்மை. எல்லாம் அந்தப் பசை பண்ணுன வேல. மொத வாயிலயே கண்டுபுடிச்சுட்டேன்ல?"

ஆச்சி சட்டியை நிதானமாகக் கீழே வைத்தார். நடுவில் இருந்த பாட்டிலை எடுத்து, கணவரின் இலைக்கு முன்னால் நகர்த்தினார்.

"இன்னும் மூடியவே தெறக்கல."