போய்த் திரும்பாதவர்

மூன்றாவது தடவையும் விசா இல்லை என்றதும் தையல்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. வெளிநாட்டில் மகள் வீட்டில் பேத்தி பிறந்து ஏழு மாதம். இன்னும் தூக்கிக் கொஞ்சக் கொடுத்து வைக்கவில்லை.

"போன வருஷம் போன நீங்க இன்னும் திரும்பி வரலையே. அப்புறம் எப்படி மறுபடி விசா தர்றது?" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்.

"திரும்பி வராதவன்தான் உன் முன்னாடி நின்னு கத்திட்டிருக்கானா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். அந்த நாட்டு விமான நிலையத்தில் எடுத்த படம். அவர் முகம்தான். கழுத்தில் அவர் எப்போதும் கழற்ற மறக்கும் அளவு நாடா. கீழே கட்டைவிரல் ரேகை, குறுக்கே கத்தரி வெட்டிய அதே தழும்பு.

வெளியே வந்தவர் மகளுக்குப் போன் போட்டார்.

"அந்த ஊர்க்காரனுங்களுக்கு மூளையே கிடையாதா? நான் எப்பம்மா அங்க வந்தேன்?"

"யாருங்க நீங்க?"

"அப்பன் குரல்கூடவா மறந்துபோச்சு?"

"என்ன விளையாட்டு இது? எங்க அப்பா இங்க உட்கார்ந்து பாப்பாவுக்குச் சட்டை தைச்சிட்டிருக்கார்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சத்தம் நின்றது.

"எவன்மா அவன், வேலை நேரத்துல? போனை வை!" என்று கத்தியது அவருடைய குரல்.