புகார்தாரர்

"உள்ள போய் அப்படி என்னதாம்மா பண்ற?"

ஒன்றாம் கவுன்டர்காரர் இதைக் கேட்பது அந்த வாரத்தில் நாலாவது தடவை. இரண்டாம் கவுன்டர் பெண் வழக்கம்போல, "ஒண்ணுமில்லண்ணே," என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அது ஒரு பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவு. சந்தோஷமாக இருப்பவர் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. உடைந்த பொம்மை, ஒற்றைக் காலுக்கு மட்டும் வந்த செருப்பு, விசேஷம் முடிந்த மறுநாள் வந்து சேர்ந்த சட்டை என்று ஆளுக்கொரு வயிற்றெரிச்சலோடு வருவார்கள். தொலைத்தவன் எங்கோ ஒரு கிடங்கில் நிம்மதியாக இருப்பான். திட்டு மட்டும் இந்த இரண்டு நாற்காலிகளுக்கு.

ஒன்றாம் கவுன்டர்காரருக்கு அலுவலகத்தில் குக்கர் என்று பெயர். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில் அடித்துவிடுவார். அதற்காக மேலாளர் அம்மாளிடம் இரண்டு மெமோ வாங்கியாகிவிட்டது. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்பதுபோல் முகத்தை வைத்திருக்கும் அந்த அம்மாள், மெமோவை டைப் செய்து மேஜையில் வைத்துவிட்டுப் போவாரே தவிர, ஒரு வார்த்தை பேசமாட்டார். மூன்றாவது மெமோ வந்தால் ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிடங்குக்கு மாற்றல் என்று சட்டம். மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். மனைவிக்கு இப்போதுதான் இங்கே ஒரு வேலை அமைந்திருக்கிறது.

இரண்டாம் கவுன்டர் பெண் வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம். அவளுக்கும் அதே திட்டுதான். யாராவது கண்டபடி பேசிவிட்டுப் போனால் எழுந்து ரெக்கார்டு ரூமுக்குள் போவாள். இரண்டே நிமிடம். முகம் தெளிந்து திரும்பி வருவாள். உள்ளே போய் அழுகிறாளா, மாத்திரை போடுகிறாளா? தெரியாமல் குக்கருக்கு மண்டை காய்ந்தது.

அவள் லீவு போட்ட ஒரு நாள் அவரே உள்ளே போய்ப் பார்த்தார். கடைசி அலமாரியில், தூசி படியாத ஒரே ஒரு ஃபைல். உள்ளே எல்லாம் அலுவலகப் புகார்ப் படிவங்கள். வாடிக்கையாளர்கள் கொடுத்தவை அல்ல, வாடிக்கையாளர்கள் மேல் அவள் கொடுத்தவை.

'கண்ணாடி போட்ட ஒருவர், நீயெல்லாம் படிச்சவளா என்று கேட்டார்' என்று ஒரு படிவத்தில் எழுதியிருந்தாள். அதன் அடியில், பதில் என்ற கட்டத்தில், வேறொரு சாய்வான கையெழுத்து: 'விசாரித்தோம். சான்றிதழ்களைச் சரிபார்த்ததில் தாங்கள் படித்தவர்தான். ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறோம்.'

ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. புகாரும் அவளே, பதிலும் அவளே, கையெழுத்தை மட்டும் மாற்றி எழுதுகிறாள் போல என்று நினைத்தார் குக்கர். அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆபீசில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று மதியம் ஒரு அம்மாள் அவருடைய வழுக்கையைப் பார்த்து, முடியோட மூளையும் கொட்டிப்போச்சா என்று கேட்டார். விசில் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய் ஒரு படிவத்தை நிரப்பி, அதே ஃபைலில் சொருகிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. 'நேரில் ஆய்வு செய்தோம். கொட்டியது முடி மட்டுமே. தாங்கள் பதிலுக்குக் கத்தாததைப் பாராட்டுகிறோம்.'

அதற்குப் பிறகு ஒரு மாதம் குக்கரிடம் விசில் சத்தமே இல்லை. யாராவது கத்த ஆரம்பித்தால், இதற்கு நாளைக்கு என்ன பதில் வரும் என்று மனசு குறுகுறுக்கத் தொடங்கிவிடும். அந்தக் குறுகுறுப்பில் கோபம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. வீட்டிலும் மனைவி, உங்களுக்கு என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

ஒரு நாள் நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் அவளே அவர் பக்கம் சாய்ந்து, "ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேண்ணே. நீங்க எழுதுற பதில் இல்லன்னா நான் எப்பவோ வேலையை விட்டுட்டுப் போயிருப்பேன்," என்றாள்.

"நானா? நீதானேம்மா எழுதுற?"

"சத்தியமா இல்லண்ணே. முத நாள்லருந்தே நீங்கதான்னு நினைச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் மேலாளர் அம்மாள் அறையிலிருந்து குக்கருக்கு அழைப்பு வந்தது.

அலுவலகப் படிவத்தில் விளையாடியது தெரிந்துவிட்டது, கிடங்கு நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார். மகளுக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார்.

மேலாளர் அம்மாள் உட்காரச் சொல்லவில்லை. ஒரு காகிதத்தை மேஜைமேல் நகர்த்தினார். அது மெமோ இல்லை, புகார்ப் படிவம்.

'இன்று தலைமை அலுவலகக் கூட்டத்தில், உங்கள் கிளையில் ஒருவருக்கும் வேலை தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். என் கவுன்டரில் இருக்கும் இரண்டு பேரைப் போல எங்கும் கிடையாது என்று சொல்ல எழுந்தேன். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.'

புகார்தாரர் என்ற இடத்தில் மேலாளரின் பெயர். எழுதியிருந்தது, குக்கர் ஒரு மாதமாகத் தினமும் காலையில் தேடிப்போய்ப் படித்த அதே சாய்வான கையெழுத்து.

"இதுக்கு ஒரு பதில் எழுதித் தர முடியுமா?" என்றார் அந்த அம்மாள், தலை நிமிராமல்.