எங்கிருந்து பார்க்கிறீர்கள்?

“மிஸ், கப்பல்லேர்ந்து ஒருத்தர் பதில் போட்டிருக்கார்! நடுக்கடலாம்!”

வானொலி கத்தியதும் வகுப்பே ஓவென்று கூவியது. ஏழாம் வகுப்பில் எதையும் மெதுவாகப் படிக்கத் தெரியாத பெண் அவள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அதனால்தான் பதில்களை வாசிக்கும் வேலையும் அவளுக்கு.

சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் குட்டிப் பெண், நாற்காலி மேல் ஏறி, சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் நீலத்துக்கு நடுவே ஒரு குண்டூசியைக் குத்தினாள்.

கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. இணையத்தில் பத்திரமாக இருங்கள் என்று வாயால் சொன்னால் இந்த வயசுப் பிள்ளைகள் கொட்டாவி விடும். அதனால் போன வாரம் ஓர் அட்டையில் எழுதி, அதைப் பிடித்தபடி படமெடுத்துப் போட்டிருந்தாள்.

‘ஒரு படம் எவ்வளவு தூரம் போகும் என்று என் மாணவிகளுக்குக் காட்ட வேண்டும். பகிருங்கள். எங்கிருந்து பார்க்கிறீர்கள்?’

படத்தில் அட்டையும் அதைப் பிடித்த கையும் மட்டும்தான். முகம் இல்லை, பள்ளி இல்லை, ஊர் இல்லை. பின்னால் வெறும் சுவர். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

அவ்வளவு பயம். பயப்படக் காரணமும் இருந்தது.

ஒரு விடியற்காலையில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புருஷன் தூங்கிய அறையைத் தாண்டி வெளியே வந்தவள் அவள். ‘எங்க போனாலும் கண்டுபிடிப்பேன்’ என்று அவன் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. முதலில் போன ஊரில் கண்டுபிடித்தான். அன்றைக்கு உடைந்த விலா இன்றும் மழை வந்தால் வலிக்கும்.

இந்த ஊருக்கு வந்த பிறகு முடியை வெட்டிக்கொண்டாள், பெயரைச் சுருக்கிக்கொண்டாள். ஆண்டு விழா குரூப் போட்டோவில் அவள் இருக்கவே மாட்டாள். அதை எடுப்பவளே அவள்தான். ‘கேமராவைக் கண்டா ஓடுறீங்களே, எங்கயாவது கொள்ளையடிச்சிட்டு வந்தீங்களா?’ என்று பி.டி. மாஸ்டர் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

“ம், அடுத்ததைப் படி.”

வானொலி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “‘எழுதி முடித்ததும் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லையா?’”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கரும்பலகையில் மிஸ் எதை எழுதினாலும் அதே கோடு, அதே புள்ளிகள். பாதிப் பேர் நோட்டில் அதைப் போட்டுப் பார்த்துக் கேலி செய்வது அவளுக்கும் தெரியும்.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் மறைத்தவள், பாவி, கையெழுத்தை மறைக்க மறந்துபோனாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பேப்பர் திருத்தும்போது, எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பான் அவன்.

சரி. உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டான். எங்கே இருக்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

“அதுக்குக் கீழ நம்ம சுண்டெலி பதில் போட்டிருக்கா மிஸ்! ‘ஆமா அங்கிள், போர்டுலயும் அப்படித்தான் போடுவாங்க.’ அதுக்கு அந்த அங்கிள் கேக்கறார், ‘அப்படியா கண்ணு, எந்த ஸ்கூல்?’”

“சொன்னியா?” மிஸ்ஸின் குரல் அவளுடையதாகவே இல்லை.

நாற்காலி மேல் நின்றிருந்த சுண்டெலி வெலவெலத்துப் போனாள். “சத்தியமா இல்ல மிஸ். ஊரு, பேரு, ஸ்கூல் எதையும் தெரியாதவங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அம்மா போன்லேர்ந்து ஒரே ஒரு பதில்தான் போட்டேன். அப்புறம் அவர் கேட்டும் போடல.”

என் தங்கமே! அந்தக் குழந்தையை அப்படியே அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். சுண்டெலியின் பதிலுக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அவள் அம்மாவின் படம். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது எடுத்தது போலிருக்கிறது. புதுச் சீருடையில் மகள், அவள் தோளில் கை போட்டபடி அம்மா. இருவருக்கும் பின்னால் பள்ளியின் மஞ்சள் கேட். அதற்கு மேலே, வளைவில், பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில்.

ஒரு படம் எதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பதை அவள் அடுத்த வாரப் பாடமாக வைத்திருந்தாள்.

“மிஸ், அந்த அங்கிள் இப்பதான் இடத்தைப் போட்டிருக்கார்,” என்றாள் வானொலி. “‘மஞ்சள் கேட்டுக்கு எதிரே, பேக்கரி வாசலில்.’ இது எந்த நாடு மிஸ்?”

சுண்டெலி குண்டூசியும் கையுமாக உலகப் படத்தை மேலும் கீழும் தேடினாள். கிடைக்கவில்லை. நாற்காலி மேல் நின்றதால் பக்கத்து ஜன்னல் வழியே தெரு முழுவதும் அவளுக்குத் தெரிந்தது.

சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

குண்டூசி இல்லாத கையைத் தூக்கி, கீழே யாருக்கோ பதிலுக்குக் கையசைத்தாள்.