படிப்பை நிறுத்திய நாள்

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தாயாகிவிட்ட பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய 2070 ஜனவரியில் வந்திருந்தாள் மெர்லின். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் செண்பகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பிள்ளையின் சிணுங்கலுக்கேற்ப, பள்ளி கொடுத்த தொட்டில் தானே ஆடியது.

மெர்லினின் கைத்திரையிலிருந்த படிவம் மட்டும் பழசு. ‘படிப்பை நிறுத்திய நாள்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கேள்விக்கு நகராது.

“நான்தான் நிறுத்தவே இல்லையேக்கா!”

“எனக்குத் தெரியுதும்மா, இந்தச் சனியனுக்குத் தெரியலையே. ஏதாவது ஒரு தேதி சொல்லு.”

செண்பகம் விரல்விட்டு எண்ணினாள். “டாக்டருக்குப் படிக்கணும், அதுக்கு மேல இன்னொரு படிப்பு... 2079 மே பத்துன்னு போடுங்க.”

படிவம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு, ‘நிறுத்தியதற்குக் காரணம்?’ என்றது.

மெர்லின் சிரித்துக்கொண்டே, அவளைக் கேட்காமலே எழுதினாள்: ‘படித்து முடித்துவிட்டாள்.’