வீட்டுக்காரர் கொண்டுபோன பாட்டில்

கைக்குழந்தையின் மூளைக்கு வீட்டுக்காரர் போட்ட விலை பதினெட்டாயிரம். பழைய ஈயக் குழாயைப் பிடுங்கிவிட்டுப் புதிது போட அவ்வளவு ஆகும் என்று பிளம்பர் சொல்லியிருந்தார்.

“ஈயம் தண்ணியில கலக்குதாம் சார். பிள்ளைக்கு மூளையே மந்தமாயிடுமாம்” என்றாள் வாடகைக்குக் குடியிருந்த தையல்காரி, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே.

“அறுபது வருஷமா ஓடுற குழாய்ம்மா! யாருக்கு மந்தமாச்சு?”

“டெஸ்ட் பண்ணிடலாமே?”

“தாராளமா! நானே பாட்டில்ல பிடிச்சு லேபுக்குக் கொண்டுபோறேன். ஈயம்னு வந்தா மறுபேச்சு இல்லாம குழாயை மாத்துறேன், போதுமா?”

கல்லில் நார் உரிக்கிறவர் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம், லேபிலிருந்து வந்த பிரிக்காத உறையைச் சிரித்த முகமாக நீட்டினார். “நீயே படிச்சுக்கோ.”

“இருக்கலாம்ங்கிற அளவைவிட ஒன்பது மடங்கு ஈயம் இருக்காம் சார்.”

வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்து மனைவியிடம் அலறினார்: “ஏய், பேத்திக்குப் பால் கலக்காதே! நம்ம கிச்சன் குழாயை மூடு!”

தையல்காரிக்கு விளங்கிவிட்டது. “தண்ணி எங்க சார் பிடிச்சீங்க?”

“எங்க வீட்டுலதான்... டைல்ஸ் எல்லாம் புதுசாச்சே, சுத்தமா இருக்கும்னு...” தலையைச் சொறிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “அப்போ உன் வீட்டுல ஈயம்னு ரிசல்ட் வரலையேம்மா!”

“ரிப்போர்ட்ல விலாசம் எங்க வீடுன்னுதானே இருக்கு, நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? அதனால இந்த ரிசல்ட் எங்க வீட்டுக் கணக்கு சார், சொன்னபடி எங்க குழாயை மாத்துங்க. உங்க வீட்டுக்குத் தனியா டெஸ்ட் எடுங்க.”